யாரும் பார்க்காத திரை

வெர்னா சிகர்ட்சன் அலுவலகத்துக்குள் நுழையும்போதே களைத்திருந்தாள். பிப்ரவரி மாத வினிபெக் அப்படித்தான். காரைக் கிளப்புவதற்குள் பாதி நாள் உழைப்பு தீர்ந்துவிடும். வடக்கே ஏரிகள் உறைந்ததும் அவற்றின் மேலேயே சாலை போட்டு, மற்ற மாதங்களில் விமானம் மட்டுமே போகிற ஊர்களுக்கு டீசலும் மளிகையும் ஏற்றிப்போகிற கம்பெனி அது. அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் அவள் ஒருத்திதான் ஆள். கூட வேலை பார்த்தவர் போன வருஷமே விலகிவிட்டார். வேறு ஆள் போடுவதாக மேலாளர் டுவெய்ன் ரிசாக் இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

லாரிகள் ஓடியதே ஒரு பழைய புரோகிராமை நம்பித்தான். ஏரிமேல் ரேடார் வண்டி எடுத்துவரும் அளவுகளை வாங்கி, பனிக்கட்டி எங்கே தடிமன், எங்கே மெலிசு என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் படம் வரைந்து தரும். அந்தப் படம் டிரைவர்களின் போனுக்குப் போகும். அதை எழுதிய மனிதருக்கு, எதிரில் ஆள் உட்காராத கம்ப்யூட்டர் ஒன்று இருக்கக்கூடும் என்றே தோன்றவில்லை போலும். மானிட்டர் இல்லாத இடத்தில் ஓட்டினால், திரை இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்துவிடும்.

முன்பெல்லாம் ஏரிக்கரைக் கொட்டகையில் எல்மர் ஃப்ளெட் என்பவர் மானிட்டர் முன் உட்கார்ந்து அதை ஓட்டிக்கொண்டிருந்தார். இலையுதிர் காலத்தில் ரிசாக் கொட்டகையை மூடி, எல்மரை எண்ணெய்க் கிடங்குக்கு மாற்றினார். புரோகிராம் வினிபெக் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மொட்டை சர்வருக்கு வந்து சேர்ந்தது. அதில் மானிட்டர் கிடையாது, மாட்டவும் இடமில்லை. வெர்னா சர்வரின் நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, இதுதான் திரை என்று புரோகிராமை நம்பவைத்தாள். கண்ணாடியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஆனாலும் புரோகிராம் அந்தப் பொய்த்திரையில் சமர்த்தாகப் படம் வரைந்தது. "ஆளும் வேணாம், டப்பாவும் வேணாம்" என்று ரிசாக்குக்கு ஒரே சந்தோஷம்.

அன்று காலை அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் ரோசலி ஹார்ப்பர் சாட்டிலைட் போனில் கூப்பிட்டாள். பல வருஷமாக ஏரிச்சாலையில் டீசல் லாரி ஓட்டுகிறவள்.

"வெர்னா, உன் படம் எல்லாம் பச்சைங்குது. என் டயர் அப்படிச் சொல்லலையே."

"எங்க இருக்க?"

"ஏரி ஒடுங்கற குறுகலை நெருங்கிட்டேன். மேல ஈரம் தெரியுது. குதிக்க வசதியா கதவைத் திறந்து போட்டுட்டுதான் ஓட்டறேன்."

"நில்லு, பார்த்துச் சொல்றேன்."

"முழு லோடை வச்சுக்கிட்டு ஏரி மேல நிக்கச் சொல்ற பாரு. ஒரே இடத்துல நின்னாத்தான் கீழ அமுங்கும். மெதுவா உருட்டறேன். சீக்கிரம் பாரு."

படத்தின் மூலையில் இன்றைய தேதிதான் இருந்தது. ஆனால் அந்தத் தேதியைப் போடுவது படத்தை அனுப்புகிற வேலைக்காக அவளே எழுதிய ஒரு சின்ன நிரல், அது அனுப்புகிற நாளைத்தான் போடும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. படம் நேற்றையது. வெர்னா சர்வருக்குள் போய்ப் பார்த்தாள். புரோகிராம் செத்துப்போகவில்லை, பிழை எதுவும் சொல்லவில்லை, சும்மா இருந்தது. நிறுத்தி மறுபடி ஓட்டினாள். கொஞ்சம் ஓடி, மறுபடி அதே மௌனம்.

அந்தத் திரையில் இப்போது என்னதான் இருக்கிறது? அமைத்த நாளிலிருந்து அவள் அதை எட்டிப்பார்த்ததே இல்லை. பொய்த்திரையை அப்படியே படம் பிடித்துத் தரச் சொல்லி சர்வருக்கு ஒரு கட்டளை போட்டாள்.

பாதி வரைந்த வரைபடத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. 'குறுகலில் பனிக்கட்டி நேற்றைவிட மெலிந்துள்ளது. வண்டிகளை நிறுத்தவா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். விடியற்காலையிலிருந்து, பார்க்க ஆளில்லாத திரையில் அது இதையே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

"ரோசலி, திரும்பிடு. குறுகலுக்குள்ள போகாத."

"இவ்வளவு நீள வண்டியைத் திருப்பவா?"

"ஆமா. படம் பழசு. அங்க மெலிசாயிருக்கு."

"சரி. போனை வைக்காத."

வெர்னா காதோடு போனை அழுத்திக்கொண்டு நின்றாள். இன்ஜின் முனகியது. பனிக்கட்டி எங்கோ நீளமாக விரிசல் விடும் சத்தம் வந்தது. "பின்சக்கரம் தண்ணில ஓடுது" என்றாள் ரோசலி, யாருக்கோ மணி சொல்வது போல. பின்னால் வருகிற வண்டியை நிற்காமல் திரும்பச் சொல்லி ரேடியோவில் சொன்னாள். பிறகு வெகுநேரம் இன்ஜின் மட்டும்.

"கரையேறிட்டேன்" என்றாள் கடைசியில். "உன்னை வாய்க்கு வந்தபடி திட்டணும். இப்பத் தெம்பு இல்ல."

வெர்னா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரிசாக் வந்து எல்லாவற்றையும் கேட்டார். "எல்மர் இருந்தப்ப இந்தத் தொல்லை வரலையே. பெட்டி வந்தா தானா 'இல்லை'ன்னு அமுக்கற மாதிரி எழுதிடு."

"அது என்ன கேக்குதுன்னு படிச்சீங்களா?"

அவர் மறுபடி படித்தார்.

வெர்னா எண்ணெய்க் கிடங்குக்குப் போன் போட்டாள். "எல்மர், குறுகல் மெலிசாயிருக்குன்னு ஒரு பெட்டி வருமே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

"அதா? அடிக்கடி வரும்மா. 'இல்லை'யை அமுக்கிடுவேன்."

"டிரைவர்கிட்ட சொல்வீங்களா?"

"சில நாள் சொல்வேன்." இழுத்தார். "சில நாள் படிக்கக்கூட மாட்டேன். வண்டியை நிறுத்தினா ரிசாக் கத்துவாரு. ஏம்மா, யாராவது போயிட்டாங்களா?"

"இல்ல. ரோசலி கரைக்கு வந்துட்டா."

எல்மர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. அவரைத் திட்டலாமா என்று நினைத்தாள். அவளுக்கும் தெம்பு இல்லை.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து இரண்டு மாற்றங்கள் செய்தாள். இனிமேல் படத்தில் பனியை அளந்த தேதிதான் வரும். பெட்டி முளைத்தால் அதன் படம் அவளுக்கும் ரிசாக்குக்கும் எல்லா டிரைவர்களுக்கும் போகும். யாராவது படித்து அமுக்குகிறவரை புரோகிராம் காத்திருக்கட்டும். "காலங்காத்தால எனக்கும் வருமா?" என்று ரிசாக் முணுமுணுத்தார்.

"இன்னொரு ஆளைப் போட்டா அவருக்கு அனுப்பறேன்."

"பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் காலை பெட்டி மறுபடி வந்தது. வெர்னா ஆம் என்று அமுக்கினாள். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் டீசலை மிச்சம் பிடிக்கப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. ரோசலி கரையிலிருந்து கூப்பிட்டாள்.

"இன்னிக்கும் வண்டி இல்லையா?"

"இல்ல. இன்னும் குளிர் கூடினாத்தான்."

"சரி, நான் தூங்கப் போறேன். நீயும் போய்த் தூங்கு."

வெர்னா போனை மேஜைமேல் வைத்துக் கண்ணை மூடினாள். கணக்குப் பிரிவில் பிரிண்டர் ஓடவில்லை என்று யாரோ வாசலில் வந்து நின்றார்கள். எழுந்து போனாள்.