சம்பள நாள் கட்டி

அந்த பஸ் டிப்போவின் ஒரே பெண் டிரைவருக்கு அடிவயிற்றில் ஒரு கட்டி. இரண்டாவது பிரசவத்தின் ஆபரேஷன் தழும்பை ஒட்டி, பாக்கு அளவில். பல நாள் சாதுவாகக் கிடக்கும். திடீரென்று வீங்கினால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வரும்.

வீட்டில் ஒரு மேதை இருந்தார். டியூஷன் சென்டர் நடத்தும் கணவர்.

"சம்பளம் வந்த அன்னைக்கு ஓட்டல் சாப்பாடு. மறுநாள் வலி. இதுல என்ன குழப்பம்? வாயு."

"வாயு கையில தட்டுப்படுமாங்க?"

"இது இறுகின வாயு."

அறிவியலுக்கு இப்படியொரு புதுப்பொருளை வழங்கிய கையோடு ஓட்டல் சாப்பாட்டுக்குத் தடை போட்டார். வலி அசரவில்லை. "பழைய வாயு மிச்சம் இருக்கும்ல?" என்றார்.

டிப்போ மேனேஜருக்கு வேறு கண்டுபிடிப்பு. "சம்பளம் வாங்கினதும் லீவா? நடிப்பு நல்லா வருதும்மா. இன்னொரு தடவை லீவு போட்டா டிக்கெட் கவுண்டர்தான்."

அவள் மல்லுக்கட்டி வாங்கிய ஸ்டியரிங் அது.

அந்த மாதம் சம்பளம் தாமதமானது. வலி மட்டும் தவறாமல் வந்தது. குளியலறையில் சுவரைப் பிடித்து நின்றவளுக்குப் பொறி தட்டியது. சம்பளம் வரவில்லை, ஓட்டல் சாப்பாடும் இல்லை. வந்திருந்தது ஒன்றுதான், அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேர் சொல்லாத ஒன்று.

டாக்டரம்மா முன்னால் கணவர் விளக்கவுரையைத் தொடங்கினார்.

"சார், கட்டி உங்களுக்கா?"

அவள் பளிச்சென்று சொன்னாள்: "மாதவிலக்கு வர்றப்போதான் டாக்டர் வீங்குது."

கணவர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

டாக்டர் அவளைப் படுக்கவைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, கட்டியை அழுத்தினார். வலி கூடியது.

"குடல்ல இல்லம்மா, வயித்துச் சுவர்லயே இருக்கு. ஆபரேஷன்போது கர்ப்பப்பையோட உள்படலம் துளி தழும்புல ஒட்டியிருக்கலாம். இடம் மாறினது அதுக்குத் தெரியாது. மாசாமாசம் தன் வேலையைப் பார்க்குது. ஸ்கேன் பார்த்துட்டு வெட்டி எடுத்துடலாம்."

"அப்ப நான் நடிக்கலியே?"

"நடிப்புக்கெல்லாம் நான் ஸ்கேன் எழுத மாட்டேம்மா."

அவள் சிரித்தபடியே அழுதாள்.

ஸ்கேன் அதையே சொன்னது; வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்த லேபும் அதையே சொன்னது. உடம்பு தேறி டிப்போவுக்குப் போனபோது மேனேஜர் வாசலிலேயே நின்றார். "என்ன வியாதின்னு லீவு?"

கர்ப்பப்பையில் ஆரம்பித்து மாதவிலக்கு வரைக்கும், டிப்போ முழுக்கக் கேட்கும்படி, ஒன்றுவிடாமல் விளக்கினாள். பாதியிலேயே மேனேஜருக்கு அவசர வேலை வந்துவிட்டது.

அடுத்த விலக்கு வந்த அன்றும் பஸ் எடுத்தாள். கடைவீதியின் குறுகலான வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். வயிறு வாயே திறக்கவில்லை. காரணமே இல்லாமல் ஹாரனை ஒருதரம் நீளமாக அடித்தாள்.

சம்பள நாளன்று ஓட்டல் பார்சலுடன் வீட்டுக்கு வந்தபோது, கணவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் சார்..."

அவள் பிள்ளைகளுக்கும் தனக்கும் தட்டு வைத்தாள்.

"எனக்கு?"

"உங்களுக்கு வேணாங்க. வாயு."