லார்க்கின்ஸ் ஃபோர்ட்டில் எத்தனை கடிகாரங்கள்

“டவுன் ஹால் கோபுரத்துல ரெண்டு கடிகாரம் உண்டு, கேட்டேளா. ரெண்டும் ஒரே மணியக் காட்டும். நம்ம ஊர் மாதிரி இல்லையாக்கும்” என்று கோமதி சொன்னதும் வலியசாலை மகளிர் சமாஜத்தின் கூடமே குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த சரஸ்வதியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மடியிலிருந்த குறிப்பேட்டைத் திறந்து, ‘கடிகாரம் இரண்டு’ என்று எழுதி, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியை அழுத்திப் போட்டாள்.

மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் மாலை நான்கு மணி முதல் நாலரை வரையிலான அந்த அரைமணி நேரம் பன்னிரண்டு ஆண்டுகளாக அவளுடையது. ‘உலகம் அறிவோம்’ என்பது தலைப்பு. நைல் நதியும் ஆண்டிஸ் மலையும் சைபீரியச் சமவெளியும் அந்தக் கூடத்துக்கு வந்து போனதெல்லாம் அவள் குரலில் ஏறித்தான். ஜூன் மாதத்தில்தான் கோமதி திரும்பி வந்தாள். மகன் கிரிஷ் வேலை பார்க்கும் அயோவா மாநிலத்துச் சிற்றூரில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவளை, “ஒரே ஒரு தடவை பேசட்டுமே டீச்சர், எல்லாருக்கும் ஒரு ரசம் இருக்கும்” என்று சமாஜச் செயலாளர் ஆஷா மேடையேற்றினாள். ஒரு தடவை மூன்று தடவையாயிற்று. அன்றைய கூட்டம் மூன்றாவது. நாற்காலி போதாமல் வாசலில் நின்று கேட்டார்கள். நைல் நதிக்கு ஒருநாளாவது நாற்காலி போதாமல் போயிருக்கிறதா?

சரஸ்வதியம்மாளின் நெஞ்சில் எரிந்த தீ சிறியதன்று. முப்பத்தொரு வருடம் பெண்கள் பள்ளியில் புவியியல் கற்பித்தவள் அவள். மிசிசிப்பியின் கிளைநதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் இழுப்பாள். அந்தக் கை ஒரு விமானத்தின் படிக்கட்டைப் பிடித்ததில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பயணம் நின்றது. வீட்டைப் பழுது பார்க்க வேண்டும் என்று இன்னொன்று நின்றது. பெண் தனியாக எதற்குப் போக வேண்டும் என்று மூன்றாவது, கேட்கும் முன்பே நின்றது. ஒரு முத்திரையும் விழாமல் இரண்டு பாஸ்போர்ட்டுகள் காலாவதியாயின. உலகத்தை அறிந்தவளுக்குச் சமையலறை, உலகத்தை அறியாதவளுக்கு விமானச் சீட்டு! இந்த நீதியை வகுத்தவர் யார்? பத்தாம் வகுப்பில் புவியியலில் தோற்றவள் கோமதி. மகனுக்குக் கருவடாம் அனுப்பும் பார்சலின் மேல் ‘214, மேப்பிள் தெரு, லார்க்கின்ஸ் ஃபோர்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்ததே சரஸ்வதியம்மாள்தான். தன் கையெழுத்து அந்த ஊருக்கு ஐந்து தடவை போய்ச் சேர்ந்துவிட்டது, தான் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டேப்லெட்டைத் திறந்தாள். இரண்டு வாரம் அதை மூடவேயில்லை. அந்த ஊர் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. மக்கள்தொகை ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. ஆற்றில் மாட்டுவண்டிகள் இறங்கிக் கடக்கும் துறையாகத் தொடங்கி, 1881-இன் வெள்ளத்துக்குப் பிறகு முப்பத்தேழு கட்டடங்களை உருட்டுக்கட்டைகளின் மேல் ஏற்றிக் குதிரை பூட்டி, ரயில் பாதை ஓரத்து மேட்டுக்கு இழுத்துச் சென்ற ஊர் அது. சவரக்கடை நகர்ந்துகொண்டிருக்கும்போதே உள்ளே ஒருவருக்குச் சவரம் நடந்ததாக அவர்களது வாரப் பத்திரிகை எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோழி இட்ட முட்டைகளை மட்டும் தனியே விற்று, குடியானவப் பெண்கள் ஒரு நூலகம் கட்டியிருந்தார்கள். ஊர்க்கூட்டத்தில் யாரும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். தீயணைப்புச் சங்கு ஊதினால் மருந்துக்கடைக்காரரும் கசாப்புக்காரரும் பள்ளி ஆசிரியையும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அந்தப் படைக்குச் சம்பளமில்லை. ஆசிரியை! அந்த இடத்தில் சரஸ்வதியம்மாள் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். இத்தனை சிறிய ஊரில், இத்தனை பெரிய வாழ்வில், கோமதி போய் நின்றிருக்கிறாள்!

“என்ன சரஸ், அந்த ஊர்ல எலெக்‌ஷனுக்கு நிக்கப் போறயா?” என்றார் கணவர் வெங்கிடேஷ்.

“நின்னா ஜெயிப்பேன். நீங்க அடுப்பைப் பாருங்கோ, பால் பொங்கறது.”

கோபுரத்தில் கடிகாரங்கள் இரண்டல்ல, நான்கு. 1904-இல் நான்கு குடும்பங்கள் திசைக்கு ஒன்றாகக் கொடுத்தவை. கோமதியின் முதல் தவறு கையில் சிக்கியது. பிறகு பிழைகள் வரிசையாக வந்தன. போர்வீரர் நினைவுநாள் ஊர்வலம் தீயணைப்பு நிலையத்தோடு முடியும் என்றாள் கோமதி. அது இடுகாடு வரை போகிறது. மக்காச்சோள ரயில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து புறப்படும் என்றாள். நிலையம் அதற்கும் ஒரு மைல் மேற்கே. நூலகத்துக்குத் தினமும், ஊரார் கூடும் வியாழன் இரவு விருந்துக்குத் தவறாமலும் போனதாகச் சொன்னாள். விருந்தின் நூற்று நாற்பது புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தும் ஒரு புடவைத் தலைப்புகூடத் தென்படவில்லை.

பொய்களுக்குக்கூட ஒரு நில அமைப்பு உண்டு என்பது அவளுக்குப் பதினோராம் நாள்தான் புரிந்தது. ஊரின் வரைபடத்தை அச்செடுத்து, கோமதி சரியாகச் சொன்னவற்றையெல்லாம் சிவப்பிலும் தவறியவற்றைக் கறுப்பிலும் குறித்தாள். கோபுரத்தின் இரண்டு முகங்கள் சேர்ந்து தெரிய வேண்டுமானால் தென்கிழக்கு மூலையிலிருந்து பார்க்க வேண்டும். ஊர்வலம் தீயணைப்பு நிலையத்தில் மறைய வேண்டுமானால் பார்வை அங்கே ஒரு சுவரில் முட்ட வேண்டும். ரயில் பள்ளியின் முதுகிலிருந்து முளைக்க வேண்டுமானாலும் அப்படித்தான். ஸ்கேலை வைத்துக் கோடுகளை இழுத்தாள். மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் வந்து கூடின. மேப்பிள் தெரு, 214. இணையத்துத் தெருப்படத்தில் அந்த வீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு ஜன்னல்; அதன் கீழே சுவரிலிருந்து வெளியே வரும் கழிவுநீர்க் குழாய். சமையலறை.

கோமதியின் மகனும் மருமகளும் காலையில் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆங்கிலம் வராது. ஆறு மாதம் பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் முன் நின்றுகொண்டு ஒரு ஊரைப் பார்த்திருக்கிறாள். பிடித்துவிட்டோம் என்ற வெற்றி சரஸ்வதியம்மாளின் உடம்பெங்கும் சூடாகப் பரவியது. பொறாமை அத்தோடு அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை. கோமதி அடைபட்டுத்தான் கிடந்தாள், ஆனால் எதன் எதிரில் அடைபட்டுக் கிடந்தாள்? தன் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

நான்காவது கூட்டத்தில் கோமதி பேசி முடித்ததும் சரஸ்வதியம்மாள் எழுந்தாள். இரண்டு கேள்விகளைத் தயார் செய்திருந்தாள். முதல் கேள்வி ஊரைப் பற்றியது, இரண்டாவது கோமதியைப் பற்றியது. முதலில் தடுமாற வைத்து, இரண்டாவதில் வீழ்த்த வேண்டும்.

“கோமதி, நீ தெனமும் போனதாச் சொன்னயே அந்த லைப்ரரி, அதுலேந்து ஆறு எந்தத் திக்குல இருக்கு?”

ஜன்னலிலிருந்து ஆறு தெரியாது. இடையில் மேடும் மரங்களும் உண்டு. நூலகமும் தெரியாது. கணக்கு பிசகாத கேள்வி அது. கோமதி மேடையில் மெல்ல உடம்பைத் திருப்பிக்கொண்டாள். இடுப்பளவு உயரத்தில் எதன் விளிம்பிலோ சாய்வதுபோல் இடக்கையை ஊன்றினாள். அங்கே ஒன்றுமில்லை. வலக்கை ஈரத்தை உதறுவதுபோல் ஒருமுறை உதறியது. கூடத்தில் வேறெவருக்கும் புரியாத அந்த அசைவு சரஸ்வதியம்மாளுக்குப் புரிந்தது. தொட்டியின் முன் நிற்கிறாள்!

“லைப்ரரி எனக்குத் தெரியல்லை, டீச்சர். ஆறு இதோ, இங்கயாக்கும்” என்று கோமதி கையை நீட்டினாள். “ஆறு காணாது. கார்த்தால மரத்துக்குப் பின்னாடி ஒரு மஞ்சு எழும்பும், நீளமா, பாம்பு மாதிரி. வளைஞ்சு வளைஞ்சு போகும். அது ஆறுன்னு நானே கண்டுபிடிச்சேன். கிரிஷ்கிட்ட கேட்டேன், ஆமாம்னான்.”

சரியான திசை. வளைவும் சரி. எந்த ஆவணத்திலும் இல்லாத செய்தி அது. தான் கற்பித்த ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருத்தியாவது மூடுபனியைக் கொண்டு நதியைக் கண்டுபிடித்ததுண்டா? சரஸ்வதியம்மாளின் நாக்கில் இரண்டாவது கேள்வி காத்திருந்தது. கோமதியின் கண்கள் இவள் கையிலிருந்து நழுவிய வரைபடத்தில், மூன்று கோடுகள் கூடிய ‘214’ என்ற இடத்தில் பதிந்தன. கோமதியே முந்திக்கொண்டாள்.

“நான் ஒரு ஜன்னல்லேந்து பார்த்ததாக்கும் இதெல்லாம். லைப்ரரிக்கும் போகல்லை, வியாழக்கிழமை சாப்பாட்டுக்கும் போகல்லை. ஆரும் கூப்பிடல்லை. டீச்சருக்கு அந்த ஊர் முழுசும் தெரியும் போலருக்கு. டீச்சர் பறயட்டும்.”

“அய்யோ, மாமியோட ஒரு அடக்கம்!” என்று ஆஷா கைதட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். இரண்டாவது கேள்வி கேட்கப்படாமலேயே அதன் பதில் வெளிவந்து, ஒருவர் காதிலும் ஏறாமல் போயிற்று. மைக் சரஸ்வதியம்மாளின் கைக்கு வந்தது.

அவள் பேசினாள். வெள்ளத்தைப் பேசினாள், மேட்டுக்கு நகர்ந்த முப்பத்தேழு கட்டடங்களைப் பேசினாள், முட்டை விற்று எழுந்த நூலகத்தின் படிகளில் வலியசாலைப் பெண்களைக் கைப்பிடித்து ஏற்றினாள். வாழ்நாளில் அத்தனை சிறப்பாக அவள் பேசியதில்லை. கூடம் மூச்சை அடக்கிக் கேட்டது. அரைமணி நேரம் அவளிடமே திரும்பி வந்துவிட்டது. அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஷாலு என்றொருத்தி எழுந்தாள்.

“அவிடத்த தணுப்பு எப்படி இருக்கும் டீச்சர்?”

“ஜனவரியில் சராசரி மைனஸ் ஏழு டிகிரி.”

“அது இல்லை. மேல பட்டா எப்படி இருக்கும்?”

சரஸ்வதியம்மாள் குறிப்பேட்டைப் புரட்டினாள். நாற்பது தலைகளும் அவளை விட்டு ஒருசேரக் கோமதியின் பக்கம் திரும்பின. நாற்பத்தொன்றாவது தலை தன்னுடையது என்பதை அவள் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

“முதல்ல குளிராது டீச்சர்” என்றாள் கோமதி, மெதுவாக. “ஜன்னல் கண்ணாடியத் தொட்டா முதல்ல சுடும்.”

“உரக்கப் பறயுங்கோ மாமி, கேக்கல்லை!” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

சரஸ்வதியம்மாள் மைக்கைக் கோமதியின் வாயருகே நீட்டினாள். அதன் ஒயரை மட்டும் மற்றொரு கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.