அப்பாவின் சம்மதம்

அந்த வீட்டில் அப்பாவைக் கேட்காமல் எந்த முடிவும் எடுப்பதில்லை. இத்தனைக்கும் அப்பா பேசி இரண்டு வருஷமாகிறது. மூளையில் ரத்தம் கசிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருவழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பேச்சு, கால்கள், வலது கை எல்லாம் போய் இடது கை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கண் திறந்திருக்கும். ஆனால் பார்வை யார்மேலும் நிற்காது. கூட்டத்தில் வேறு யாரையோ தேடுகிறவர் மாதிரி நம்மைத் தாண்டிப் போய்விடும்.

அந்த இடது கையைக் கண்டுபிடித்தது அம்மாதான். வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் அவருடைய உள்ளங்கையில் தன் விரலை வைத்து, "என்னங்க, பசிக்குதா?" என்று கேட்டாள். விரல்கள் மெல்ல மூடி அவள் விரலைப் பிடித்துக்கொண்டன. அம்மா சமையலறைக்கு ஓடியதைப் பார்க்க வேண்டுமே, கல்யாணம் நிச்சயமான பெண்கூட அப்படி ஓடமாட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம். அழுத்தினால் ஆமாம், அழுத்தாவிட்டால் இல்லை.

அப்பா அந்த ஊரில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கற்றுக்கொடுக்கிற காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பிரேக்கை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பதுதான் அம்மாவின் நிரந்தரப் புகார். அக்கா மேலே படிக்கிறேன் என்றால் பிரேக். அம்மா தையல் வகுப்புக்குப் போகிறேன் என்றால் பிரேக். "வேண்டாம்" என்கிற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கக் குடும்பம் நடத்தின மனிதர், பிடித்த முயலுக்கு மூன்றே கால். அப்பேர்ப்பட்டவர் படுத்த பிறகு கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட ஆரம்பித்தார். காரை விற்றுவிடலாமா? ஆமாம். மீசையில் கஞ்சி ஒட்டுகிறதே, எடுத்துவிடலாமா? ஆமாம். "படுத்தாலும் படுத்தாரு, மனுஷன் தங்கமாயிட்டாரு" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வந்ததாகத் தெரியவில்லை. தனக்குச் சாதகமான தீர்ப்பை எதிர்த்து எவன் மேல்முறையீடு செய்கிறான்?

அக்காவிடம் மட்டும் அந்தக் கை பேசவில்லை. அவள் அப்பாவின் பிரேக்கை மீறி, விரும்பியவனைக் கட்டிக்கொண்டு போனவள். அப்பா படுத்துவிட்டார் என்றதும் ஓடி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, நாடி பார்க்கிறவள் மாதிரி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என்மேல கோவம் போயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். விரல் அசையவில்லை. அப்புறமும் இரண்டு தடவை வந்தாள், கேட்டாள், அழுதாள், போனாள். இப்போது போனில் அம்மாவிடம் பேசுவதோடு சரி. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

பையன் பல்செட் செய்கிறவன். ஊரில் அவனைப் 'பல்லு' என்றால்தான் தெரியும். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஜன்னலில்லாத ஒடுக்கமான அறை அவனுடையது. டாக்டர் வாயில் அச்செடுத்துக் கொடுப்பார். பல்லு அதில் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றி வார்ப்பெடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்து, மினுக்கி வைப்பான். கூடவே ஒரு பிடிவாதம் உண்டு. ஆளை நேரில் பார்த்து நாலு வார்த்தை பேசவைத்துப் பார்க்காமல் முன்பல்லில் கைவைக்க மாட்டான். கடைத்தெருவில் வயசானவர் யாராவது சிரித்தால் அது அவர் சிரிப்பா, தன் சிரிப்பா என்று அவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

அதற்கும் வந்தது வினை. டாக்டர் பேனா மாதிரி ஒரு கேமரா வாங்கினார். அதை வாய்க்குள் விட்டுச் சுற்றினால் படம் பெருநகரத்திலிருக்கும் ஒரு பெரிய லேபுக்குப் போய்விடுகிறது. அங்கே மெஷின் கடைந்து, பார்சலில் பல் வந்து இறங்குகிறது. டாக்டர் நல்லவர்தான், கண்ணைப் பார்த்துப் பேசினார். "உனக்கு அந்த லேப்லயே ஒரு இடம் சொல்லி வச்சிருக்கேன்பா. திங்கக்கிழமை சேரணுமாம். வெள்ளிக்கிழமை போன் பண்ணுவாங்க, பதில் சொல்லிடு. இங்க இனிமே நான் உன்னை வச்சிக்கிறது உனக்கே நல்லதில்ல."

அந்த நகரத்துக்கு அவன் போனதே இல்லை. போனில் வரைபடத்தைத் திறந்து விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தான். பெரிதாக்கப் பெரிதாக்கப் புதிது புதிதாகத் தெருக்கள் முளைத்துக்கொண்டே வந்தன. ஒரு பெயரும் தெரிந்த பெயராயில்லை. லேபின் சூப்பர்வைசர் முதல் தடவை பேசியபோதே விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டார். "இங்க ஆளுக்கு ஒரு வேலைங்க. உங்களுக்கு முன்பல்லுக்கு நிறம் ஏத்துற டேபிள்." ஆளைப் பார்க்க முடியுமா என்று கேட்டான். "ஆள் எதுக்குங்க? பல்லு வரும், நீங்க பண்ணுங்க, போயிடும்." தங்குவதற்கு அறையுண்டு, கட்டில் மட்டும் முறைபோட்டு. ஒருத்தர் வேலைக்கு எழுந்து போனதும் இன்னொருத்தர் அதில் படுத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் பெரிய கஷ்டமில்லை. பெரிய கஷ்டம் வீட்டில் படுத்திருந்தது. அப்பாவை அவ்வப்போது ஒருக்களித்துத் திருப்பாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். திருப்ப இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தோளுக்கு, ஒருவர் இடுப்புக்கு. அம்மாவுக்கே குனிந்தால் நிமிர முடியாத இடுப்பு. பல்லு போனால் அவள் தனியாக அந்த உடம்போடு மல்லுக்கட்ட வேண்டும். போகாவிட்டால் அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் அத்தோடு சரி. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சொல்வது சுலபம், எறும்பைக் கேட்டால்தான் தெரியும்.

கடைசியில் அந்த வீட்டு வழக்கப்படி அப்பாவைக் கேட்டான். உள்ளங்கையில் விரலை வைத்து, "அப்பா, நான் போகட்டுமா?" என்றான். அழுத்தம் உடனே வந்தது. அவனுக்குப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. "அப்பாவே சொல்லிட்டாரும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பரண்மேலிருந்து பையை எடுத்துத் தூசி தட்டினான். அம்மா பையின் ஜிப்பு வேலை செய்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம், பிசியோதெரபிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பழைய ஆள் வேலையை விட்டுவிட்டாராம். அவள் அப்பாவின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது பல்லு சும்மா இருக்கமாட்டாமல், "கேட்டா பதில் சொல்வாருங்க. எல்லாம் புரியும் அவருக்கு" என்றான். செய்தும் காட்டினான். "அப்பா, திங்கக்கிழமை கிளம்பட்டுமா?" கை அழுத்தியது.

அந்தப் பெண் பிடித்திருந்த காலை மெல்லக் கீழே வைத்தாள். "சார், ஒண்ணு சொல்லட்டுமா, தப்பா நினைக்காதீங்க" என்றாள். மேஜைமேல் கிடந்த சீப்பை எடுத்து அதன் கைப்பிடியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. சீப்பை உருவி எடுத்துப் புறங்கையில் வைத்தாள். விரல்கள் சும்மா கிடந்தன.

"உள்ளங்கையில எது பட்டாலும் மூடிக்கும் சார். கைக்குழந்தை நம்ம விரலைப் பிடிச்சுக்குமில்ல, அதேதான். அவரா பிடிக்கிறதில்ல."

"அப்போ அவருக்குக் கேக்குதா இல்லையா?"

"அதை யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா இது பதில் இல்ல சார்." சொல்லிவிட்டோமே என்ற சங்கடத்தில் மீதி வேலையை அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் போனதும் பல்லு கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். விரலை வைத்து, "நான் போக வேண்டாமாப்பா?" என்று கேட்டான். அழுத்தியது. "நான் உங்க பிள்ளையே இல்லைன்னு வச்சுக்கலாமா?" அதற்கும் அழுத்தியது, இன்னும் கொஞ்சம் இறுக்கமாகவே. விரலை உருவிக்கொண்டான். அப்போது அக்காவின் நினைப்பு வந்தது. அவள் பிடித்தது மணிக்கட்டை. மூன்று தடவை வந்து நெஞ்சு வெடிக்க அழுதுவிட்டுப் போனாளே, உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலிருக்கிற அந்த இரண்டு அங்குலத்துக்காகவா? அவனுக்கு அப்பாமேல் கோபம் வந்தது, தன்மேல் வந்தது, யார்மேல் என்றில்லாமல் வந்தது. படுத்திருப்பவரிடம் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் அழுதான்.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று முடிவுசெய்துகொண்டான். பகல் முழுக்க அவள் பேசுவது அந்தக் கையோடுதான். குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டதையும் எதிர்வீட்டுக்காரி முறைத்ததையும் அதனிடம்தான் சொல்கிறாள். அதையும் பிடுங்கிவிட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது?

ஆனால் சாயங்காலம் கஞ்சி புகட்டி முடித்து, அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டு, அம்மா விரலை வைத்து, "என்னங்க, பையன் கிளம்பறான். மனசார ஒரு தடவை சொல்லிடுங்க, போகட்டுமா?" என்று கேட்டபோது அவனால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அது பதில் இல்லம்மா." சீப்பு விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான்.

அம்மா விரலை எடுக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"இந்த மனுஷன் நான் கேட்ட எதுக்காவது என்னிக்காவது ஆமான்னு சொல்லியிருக்காரா? தொடர்ந்து ரெண்டு ஆமாம் வந்ததுமே எனக்குச் சந்தேகம். யாரும் இல்லாதப்ப, 'என்னங்க, நான் செத்துப்போயிடட்டுமா'ன்னு கேட்டேன். அழுத்தினாரு." லேசாகச் சிரித்தாள். "உயிரோட இருந்தப்பகூட அந்த அனுமதி குடுத்ததில்ல."

உயிரோடு இருந்தபோது என்று அவள் சொன்னது அவளுக்கே காதில் விழவில்லை. அவன் காதில் விழுந்தது.

"அப்புறம் எதுக்கும்மா இந்த நாடகம்?"

"காரை விக்கணும். யார் விக்கிறது? நான் வித்தேன்னா, அப்பா காரை அம்மா வித்துட்டான்னு நாளைக்கு நீங்களே சொல்வீங்க. அவரே சொல்லிட்டாருன்னா எந்த வாயும் பேசாது."

"சரி, அக்கா? அவ அழுதுட்டுப் போனாளேம்மா. கையைக் கொஞ்சம் கீழே வைடின்னு நீ சொல்லியிருக்கலாமே."

அம்மா அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, திரும்பவும் சரிசெய்தாள். "அப்பா கோவம் தீர்ந்துடுச்சுன்னு தெரிஞ்சா அவ வீடு வாசலை விட்டுட்டு இங்க வந்து உக்காந்துடுவா. அவ குணம் எனக்குத் தெரியும். இந்தக் கட்டிலுக்கு ஒரு பொம்பளை போதும்டா. அவ கோவிச்சுக்கிட்டாவது அவ வீட்ல இருக்கட்டும்."

"அப்போ நான் போகட்டுமான்னு கேட்டப்ப ஆமான்னது? அது நீதானா?"

"இல்ல." இந்த ஒன்றைத்தான் அவள் சட்டென்று சொன்னாள். "மத்ததெல்லாம் நான்தான். அது நான் இல்ல. போன்னு சொன்னா இவரோட நான் தனியா என்ன பண்ணுவேன்னு பயமா இருக்கு. இருன்னு சொன்னா, வேலையில்லாம உக்காந்திருக்கிற உன் மூஞ்சியை தினம் நான் பாக்கணும். ரெண்டும் என் வாயில வரல. அதான் அந்தக் கையில விட்டுட்டேன்."

"இப்ப சொல்லும்மா. நீ சொன்னா கேக்கறேன்."

"என்னைக் கேக்காதே. வேற என்ன வேணா கேளு, இதைக் கேக்காதே." எழுந்து போய்க் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவ ஆரம்பித்தாள். ஒரு கிண்ணத்தைக் கழுவ அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் அப்பாவைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. சூப்பர்வைசர்தான். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்னீங்களே, என்ன சொல்றாங்க?"

பல்லு வீட்டைப் பார்த்தான். அப்பாவின் முதுகு தெரிந்தது. அம்மா தலையணை உறையை மாட்டிக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் கைகள் நின்றுபோயிருந்தன. வேண்டாம் என்று சொல்லத்தான் அவனுக்கு வாய் வந்தது. சொன்னால் இந்த அறையில், இந்தக் கட்டிலின் இந்தப் பக்கத்தில், கடைசிவரை தான் நின்றுகொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. பயந்துபோனான். கடமை, எதிர்காலம், தொழில் என்று ஊரில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், ஓடிப்போவதற்கு நம்மிடம் நல்ல பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

"வர்றேங்க" என்றான்.

அம்மாவின் முகம் இடிந்துபோனதை அவன் பார்த்தான். ஒரு கணம்தான். வரமாட்டேன் என்று அவன் சொல்லிவிடுவான் என அவள் நம்பியிருந்தாள் என்பதும், அது தெரிந்துவிடக்கூடாதே என்றுதான் நேற்று அவ்வளவு தண்ணீரைக் கொட்டினாள் என்பதும் அந்த ஒரு கணத்தில் அவனுக்கு விளங்கிவிட்டன. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவகாசமிருந்தது. மறுமுனையில் அந்த ஆள் அவன் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

போனை வைப்பதற்குள் அம்மா முகத்தை நிமிர்த்திக்கொண்டுவிட்டாள்.

"நல்லது. அந்தக் கனமான போர்வையை எடுத்துக்கோ. அங்க குளிருமா?"

"தெரியலம்மா" என்றான். அந்த ஊரைப் பற்றி அதற்குமேல் கேட்க அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.