முந்திய தடவைக்கு நன்றி

நார்வே எல்லையை ஒட்டிய எங்கள் ஹெர்யேடாலன் மலையில், காடு முடிந்து வெறும் பாறை தொடங்கும் இடத்தில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்று நிற்கிறது. இரண்டாள் உயரம்தான். ஆனால் வேருக்கு வயது ஒன்பதாயிரம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் தோண்டிப் பார்த்துச் சொன்னார்கள். தண்டு செத்தால் வேர் வேறு தண்டை அனுப்புமாம். அதன் முன்னோர் பனியுகம் முழுக்க, பனிப்பாளத்துக்கு மேலே தலைநீட்டிய ஏதோ ஒரு சிகரத்தில் ஒண்டிக் கிடந்திருக்கலாமாம். எனக்குச் சந்தேகமே இல்லை. ஒண்ட இடம் கொடுப்பதில் அந்தக் குடும்பத்தின் கைராசியை உள்ளேயிருந்து பார்த்தவன் நான்.

எங்கள் ஊரில் பிறந்தநாள் என்றால் வீட்டு முன் கொடி பறக்கவேண்டும்; என் மனைவி ஸ்வேயாவின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கொடிக்கம்பமாக அந்த மரத்தை வெட்ட ஏப்ரலில் அங்கே போனேன். கோடரியை ஓங்கியதுதான் தாமதம், பனிப்புயல் பிடித்துக்கொண்டது. காற்று என் தொப்பியை நார்வேக்கு அனுப்பியது. மீசையில் பாதியும் துணைக்குப் போனது. தரையோடு படிந்திருந்த கிளைகளுக்குள் நுழைந்தேன். உள்ளே ஏற்கெனவே ஒரு முயல். நகர்ந்து இடம் கொடுத்தது. மறுநாள் மதியம் உயிரோடு வெளியே வந்தேன். வெட்டப் போன மரத்தடியில் ஒளிந்தேன் என்று சொல்ல வெட்கம். நண்பன் சிக்ஸ்டன் குடிசையில் சீட்டாடினேன் என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

ஜூனில் கம்பம் வெட்ட ஸ்வேயாவே ரம்பத்தோடு கூட வந்தாள்.

எங்கள் பக்கத்தில், ஒருவர் வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டு மறுபடி அவரைப் பார்த்தால் முதல் வார்த்தையே "முந்திய தடவைக்கு நன்றி" என்பதுதான். சொல்லாதவன் மனிதனில்லை. மரத்தருகே போனதும் தொப்பியைக் கழற்றினேன். பழக்கதோஷம், வாய் தானே சொல்லிவிட்டது.

"யாருக்குடா நன்றி சொல்ற, ஹால்வார்?"

"யாருக்குமில்ல."

"அப்ப அன்னிக்கு இதுக்குள்ளதான் கெடந்தியா? சீட்டாடினேன்னு சொன்ன!"

"முயலுக்குச் சீட்டாடத் தெரியாதுன்னு யாரு சொன்னா?"

அவள் சிரிக்கவில்லை. கிளையை விலக்கி, நான் படுத்திருந்த பள்ளத்தை வெகுநேரம் பார்த்தாள். ரம்பத்தைப் பாறைமேல் வைத்தாள்.

"கொடிக்கம்பம்?" என்றேன்.

"கொடி பறக்கலன்னா எனக்கு வயசு ஏறாதா?" மரத்தின் பக்கம் திரும்பினாள். "இந்தக் கிழட்டு மடையன உசுரோட அனுப்பினதுக்கு ரொம்ப நன்றிம்மா." பிறகு என்னிடம்: "தங்கவச்சவங்களத் திருப்பிக் கூப்பிடணும். தோண்டு."

தரையைத் தொட்ட கிளையொன்று தானே வேர்விட்டிருந்தது. மண்ணோடு பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பிறந்தநாளன்று அது தொட்டியில், மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வந்தவர்களில் மூத்தது அதுதானே. முதல் காப்பியை ஸ்வேயா அதற்குத்தான் ஊற்றினாள். இரண்டாவது கோப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டது.