செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியவர்கள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு என் கால் வழியாக வந்தது.

வேங்கிக்காலில் நான் குடியிருக்கும் வீட்டு கேட்டில் ஒரு கீல் உடைந்துபோயிற்று. பற்றவைத்துத் தரச் சொல்லலாம் என்று ராஜமாணிக்கத்தின் பட்டறைக்குப் போனேன். ராஜமாணிக்கம் வெல்டர். ஜன்னல் கிரில், கேட், சின்ன லோடு வண்டிகளுக்குப் பின்பக்கக் கூண்டு எல்லாம் செய்வார். நான் போன வெள்ளிக்கிழமை பட்டறை வாசலில் ஒரு புது டிரெய்லருக்குப் பூஜை நடந்துகொண்டிருந்தது. ஜீப்புக்குப் பின்னால் கோத்து இழுக்கிற, ஒரே ஒரு குதிரை நிற்கக்கூடிய டிரெய்லர். பின்கதவைக் கீழே சாய்த்தால் அதுவே குதிரை ஏறிப்போகிற பலகை.

கற்பூரம் காட்டி முடித்ததும், எல்லாரும் ஒரு தடவை ஏறி இறங்குங்கள், ராசி என்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக ஏறினோம். என் கால் நன்றாகவே பிடித்தது. இறங்கி வந்து ராஜமாணிக்கத்தின் தோளைத் தட்டி, "சறுக்கவே சறுக்காது" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து அந்தப் பலகையில் பவளம் என்கிற குதிரை சறுக்கி விழுந்தது.

2.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எழுதிக் கைவிட்டவை:

"விடியற்காலையில் அண்ணாமலையின் உச்சியில் மேகம் —"

[நிறுத்திவிட்டேன். இந்த ஊரில் பேனாவைத் திறந்தால் முதல் வரியில் மலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த விபத்துக்கும் மலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.]

"குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். ஆனால் இங்கே —"

[இங்கே தள்ளியது நாங்கள். குழி பறிப்பதுதான் பாக்கி. எழுதும்போது சிரிப்பு வந்தது. படித்துப் பார்த்தபோது என்மேல் எரிச்சல் வந்தது.]

"குதிரை வண்டி என்றால் —"

[குதிரை இழுக்கும் வண்டிக்குப் பெயர் இருக்கிறது, குதிரையை இழுக்கும் வண்டிக்குத் தமிழில் பெயர் இல்லை என்று அரைப்பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். ஒரு குதிரை வலியில் நிற்கும்போது அகராதி புரட்டுகிறவனை எனக்கே பிடிக்கவில்லை.]

கடைசியில் தங்கியது இது:

ராஜமாணிக்கம் மூன்று நாளாகச் சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

3.

அவர் ஒன்றும் ஏனோதானோவென்று செய்கிற ஆள் இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்து வள்ளியும் அவள் புருஷன் அர்ஜுனனும் டிரெய்லர் கேட்டு வந்தபோது, ஏறுபலகைக்கு மெல்லிய இரும்புத் தகடு போதும் என்றுதான் அர்ஜுனன் சொன்னான். ராஜமாணிக்கம் கேட்கவில்லை. மேடு மேடாகப் புள்ளி வைத்த கெட்டித் தகடு வாங்கினார். பஸ் படிக்கட்டில் போடுவார்களே, அதே தகடு. புள்ளி இருந்தால் கால் நிற்கும் என்பது அவர் முப்பது வருஷம் நம்பிய விஷயம்.

வள்ளியின் குதிரைதான் பவளம். செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளை. மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து, சாமி ஊர்வலம் என்று ஊர் ஊராகப் போகும். அதுவரை வாடகை லோடு வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தது. மண்மேடு கிடைக்கிற இடத்தில் வண்டியை ஒட்டி நிறுத்தி ஏற்றுவார்கள். கிடைக்காத இடத்தில் அது தாவி ஏறும். எந்தத் தாவலில் கால் ஒடியுமோ என்று வள்ளிக்குப் பயம். அதற்காகத்தான் சாய்பலகை வைத்த சொந்த டிரெய்லர் கேட்டாள்.

பூஜையன்று ராஜமாணிக்கமே முதலில் ஏறினார். பிறகு அவர் மனைவி கன்னியம்மாள், வள்ளி, அர்ஜுனன், எதிர் டீக்கடைக்காரர், பிறகு கீல் உடைந்த கேட்டோடு நான். பூஜை போட்ட இடத்தில் செருப்போடு ஏறுகிறவன் இந்த ஊரில் இல்லை. பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் மலையைச் சுற்றிவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிற ஊர். எங்கள் பாதத்தின் மேல் எங்களுக்கு ஒரு தனி நம்பிக்கை உண்டு.

[இங்கே ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்: "அப்போது யாரோ ஒருவர், குதிரை லாடம் கட்டியிருக்குமே என்றார்." கதை இங்கேயே சுபமாக முடிந்துவிடும். இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். அந்த யாரோ ஒருவர் அங்கே இல்லை. நான் இருந்தேன்.]

4.

செவ்வாய்க்கிழமை காலை, ஒரு காதுகுத்துக்குப் புறப்படும்போது நடந்தது. லேசான தூறல். அர்ஜுனன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னே ஏறினான். பவளம் இரண்டு முன்னங்காலையும் பலகையில் வைத்தது. மூன்றாவது அடியில் முன்கால் பின்னுக்கு வழுக்கி, இரண்டு முட்டியும் தகட்டில் மோதின. எழுந்துகொள்ள உதைத்தபோது பின்னங்கால் ஒன்று பலகையின் ஓரம் தாண்டி அந்தரத்தில் போயிற்று. எப்படியோ புரண்டு எழுந்தது. முட்டியில் தோல் கிழிந்து தொங்கியது.

ராஜமாணிக்கத்துக்குப் போன் வந்தபோது பட்டறையில் ஒரு கிரில்லுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் போனை நான் முதலில் எழுதியது வேறு மாதிரி. அதில் வள்ளி கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள். நல்ல வசனம்தான், எழுதவும் சுகமாக இருந்தது. ஆனால் அந்த வள்ளியை நான் நம்பவில்லை. திட்டு வாங்கிவிட்டால் ராஜமாணிக்கத்துக்குப் பாரம் பாதி இறங்கிவிடும். அவரைத் தப்பிக்கவைக்கத்தான் அவளைக் கத்தவைத்தேன் போலிருக்கிறது. உண்மையில் அவள் நிதானமாகப் பேசினாள். எழுந்து நிற்கிறது, டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றாள். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது இடைமறித்துச் சொன்னாள்:

"உங்கள மட்டும் சொல்லி என்னண்ணா? நீங்களும் நடந்தீங்க, நாங்களும் நடந்தோம். எல்லாரும் வெறுங்கால்ல நடந்தோம். அது ஒண்ணுதான் லாடத்தோட ஏறுச்சு."

அன்றைக்குத்தான் அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்களில் நாலு பேர், யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். சறுக்கியது தாமில்லையே என்று அவருக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

டாக்டர் எலும்பு முறியவில்லை என்றார். ஆனால் இடது முட்டியின் வீக்கம் வடியவில்லை. உள்ளே சில்லு ஏதாவது உடைந்திருக்கிறதா என்று படம் பிடித்துப் பார்க்க வேண்டும், அந்த மெஷின் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, பத்து நாளுக்குள் கொண்டுபோங்கள், விட்டால் ஆயுசுக்கும் நொண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நொண்டுகிற குதிரையைக் கார்த்திகை தீபத்துக்குக் கூடும் கால்நடைச் சந்தையில் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பது வள்ளிக்குத் தெரியும்.

ஆக, முட்டி சரியாக வேண்டுமென்றால் பவளம் ஏற வேண்டும். எது அதன் முட்டியைக் கிழித்ததோ, அதன் மேலேயே.*

[* வேறு வண்டி இல்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். லோடு வண்டியில் அந்த முட்டியோடு தாவ முடியாது. ஏரிக்கரையில் வண்டியை ஒட்டி நிறுத்தியும் பார்த்தார்கள். காலை வைக்கிற இடம் இரும்பு என்று கண்டதும் திரும்பிக்கொண்டது.]

5.

லாடம் கட்டுகிற அருள்ராஜிடம் போய் ராஜமாணிக்கம் தேய்ந்த லாடம் இரண்டு கேட்டு வாங்கிவந்தார். அவற்றை இரண்டு மரக்கட்டையில் அறைந்தார். கட்டைகளைப் பழைய சைக்கிள் டியூபால் தம் பாதங்களில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஒரு வாளித் தண்ணீரைப் பலகையில் ஊற்றினார். ஏறினார்.

இரண்டாவது அடியில் விழுந்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் காலில் லாடத்தோடு மல்லாந்து கிடப்பதைப் பார்த்துக் கன்னியம்மாளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முழங்கையில் ரத்தத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. ஈரத் தகட்டில் படுத்தபடியே பேசினார்.

"இரும்பு மேல இரும்பு, கன்னிம்மா. இத எனக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமா? தெனம் இரும்புலதான் நின்னுனு இருக்கறேன்."

"தெரிஞ்சதுதாங்க மறந்துபோவுது," என்றாள் அவள். பிறகு, "சத்தத்தையும் பாருங்க. டமடமங்குது. எனக்கே ஏற பயமா இருக்குது," என்றாள்.

சத்தம் அவருக்குத் தோன்றவே இல்லை. அடியில் தாங்கல் இல்லாமல் பலகை அந்தரத்தில் நின்றதால் ஒவ்வொரு அடிக்கும் முரசு மாதிரி அதிர்ந்தது. முதலில் அதைத்தான் சரிசெய்தார்: அடியில் நான்கு முட்டுக்கால். பிறகு பலகையை இரண்டடி நீட்டினார், ஏற்றம் கம்மியாயிற்று. மாட்டுக் கொட்டகையில் விரிக்கிற கனத்த ரப்பர் பாய் வாங்கி, அதன் அடியில் முழத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம் வைத்து, குளம்பின் நுனி ஊன்றிக்கொள்ள வரிவரியாக மேடு எழும்பும்படி இறுக்கினார். போல்ட்டுத் தலை ஒன்றுகூட மேலே துருத்தக் கூடாது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டு ஓரத்திலும் கால் தவறி வெளியே போகாதபடி இடுப்புயரத் தடுப்பு. அந்தப் பின்னங்கால் அந்தரத்தில் போனது அவர் கனவில் வந்துகொண்டிருந்தது.

மறுபடி லாடத்தைக் கட்டிக்கொண்டு ஏறினார். காய்ந்தபோது, தண்ணீர் ஊற்றி, சாணி கரைத்து ஊற்றி. வேண்டுமென்றே தடுமாறியும் பார்த்தார். விழவில்லை.

அன்று நானும் அங்கே இருந்தேன். பற்றவைக்கக் கொடுத்த என் கேட் இன்னும் அவர் பட்டறைச் சுவரில்தான் சாத்திக் கிடந்தது. அவர் டியூபை அவிழ்த்து, கட்டைகளை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் ஒரு வாட்டி கட்டினு ஏறிப் பாருங்க சார்."

[முதல் பிரதியில் நான் கட்டிக்கொண்டு ஏறுகிறேன். விழுகிறேன்கூட. நெகிழ்ச்சியான பத்தி. அது பொய். எனக்கு இடுப்பு வலி என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கட்டைகளை ஓரமாக வைத்தார். திட்டியிருக்கலாம்.]

கன்னியம்மாள் கற்பூரத் தட்டோடு வந்தாள். புதுசாகச் செய்திருக்கிறது, ஒரு தீபாராதனை காட்டிவிடலாம் என்றாள். ராஜமாணிக்கம், அது ஏறி நின்றபிறகு காட்டிக்கொள்ளலாம் என்றார். இருவரின் இருபத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் பூஜையை அவர் ஒத்திப்போட்டது அதுதான் முதல் தடவை. அவள் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

6.

முடிவுகள்.

அ) பவளம் ஏறுகிறது. வள்ளி அழுகிறாள், ராஜமாணிக்கம் அழுகிறார், அர்ஜுனன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பத்தே நிமிஷத்தில் எழுதி முடித்தேன். அவ்வளவு சுலபமாக வந்ததே சந்தேகமாக இருந்தது. ஒரு குதிரையின் பயத்தைப் பத்து நிமிஷத்தில் தீர்த்துவிட எனக்கு என்ன தகுதி?

ஆ) ஏறவில்லை. நாள் கடந்துபோகிறது. கார்த்திகை தீபத்துக்குச் சந்தை கூடுகிறது. நொண்டிக்கொண்டு ஒரு செம்பட்டைக் குதிரை — 

[மேலே எழுத முடியவில்லை. சோகமாக முடித்தால் கதைக்குக் கனம் கூடும் என்று ஒரு காலத்தில் நினைத்தவன்தான் நான். அந்தக் கனத்தை முட்டி வீங்கிய ஒரு ஜீவன் சுமக்க வேண்டும் என்று இப்போதுதான் உறைக்கிறது.]

இ) டாக்டரே மெஷினோடு வீடு தேடி வருகிறார். 

[வரமாட்டார்.]

7.

டாக்டர் சொன்ன பத்து நாளில் எட்டாம் நாள் காலை. வள்ளியின் வீட்டுக்கு எதிரே கடலைக்காட்டை ஒட்டிய களத்தில் டிரெய்லர் நிற்கிறது. பலகை இறக்கியிருக்கிறது. ரப்பர் மேல் கொஞ்சம் வைக்கோல் தூவியிருக்கிறார்கள். அர்ஜுனன் உள்ளே கொள்ளுத் தொட்டியை வைத்துவிட்டு ஒதுங்கிப்போனான்.

பவளம் ஆறடி தள்ளி நிற்கிறது. மூக்கை விடைத்து மோந்து பார்க்கிறது. காது இரண்டும் ராஜமாணிக்கம் நிற்கிற பக்கம் திரும்புகின்றன. வள்ளி மெதுவாக அவரிடம் கொஞ்சம் மறைவாகப் போகச் சொன்னாள். "உங்க மேல அந்த இரும்பு வாசன அடிக்குதுண்ணா."

அவருக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் போனார். ஜீப்புக்கு முன்னால், எதுவும் தெரியாத பக்கம் போய், பம்பரில் முதுகை ஊன்றிக் குந்திக்கொண்டார். இனிமேல் அவருக்குக் காது மட்டும்தான். நானும் அவர் பக்கத்தில்தான் இருக்கிறேன்; ஆகவே எனக்கும் எதுவும் தெரியாது.

வள்ளி என்னமோ பேசிக்கொண்டிருந்தாள், குதிரையோடு. வார்த்தை புரியவில்லை. வெகுநேரம் அதுமட்டும்தான் கேட்டது. ஒரு மினி பஸ் ரோட்டில் போயிற்று. ராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் ஒரு சத்தம். டம் என்று இல்லை. ஈர மண்ணில் மூட்டையை இறக்கிவைத்தது போல, தொப்பென்று. ஒரு குளம்பு, ரப்பர் மேல்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வெல்டரின் பிடி, வலித்தது. அடுத்த சத்தத்துக்காக இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்.

அந்த அடுத்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. கேட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். எழுதுகிறவன் சொன்னால் நம்புகிற நல்ல மனசு உங்களுக்கு. லாடம் கட்டிக்கொண்டு நடக்காத ஒருவன், பலகையைப் பற்றி இன்னொரு தடவை சாட்சி சொல்லக் கூடாது.

நீங்கள் எழுந்து அந்தப் பக்கம் போங்கள். உங்கள் மேல் இரும்பு வாசனை இல்லை. உங்களைப் பார்த்து அது மிரளாது. வள்ளிக்குக் கை மரத்துப்போயிருக்கும், கயிற்றைத் தருவாள், வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கால் பலகையில் இருக்கிறது, மூன்று கால் தரையில் இருக்கிறது. கயிறு தொய்வாகவே இருக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் சரி, தயவுசெய்து இழுக்காதீர்கள்.