ஏரி பார்த்த வீடு

பல்செட்காரர் குடியிருந்த நகரத்து வீட்டிலும் ஜன்னல் என்று ஒன்று இருந்தது. திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கையை நீட்டினால் சுவரைத் தொடலாம். மனசு வந்தால் வெள்ளையடித்துக்கூடக் கொடுக்கலாம். இருபத்தோரு வருடம் அந்தச் சுவரைப் பார்த்தே டீ குடித்த மனிதருக்கு, பேப்பரில் வந்த விளம்பரம் வயிற்றில் பால் வார்த்தது. "ஏரி பார்த்த வீடுகள். நகர வாடகையில் ஆறில் ஒரு பங்கு. பதினொரு குடும்பங்களுக்கு மட்டும்."

அவர் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு பிடித்து, பல் வரிசை கட்டி, தேய்த்து மெருகேற்றித் தருவார். நகரத்தில் பாதிக் கிழடுகள் அவர் கைவண்ணத்தில்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி ஓர் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷனில் இருந்தவள். உள்ளே எது நடந்தாலும், வெளியே காத்திருப்பவர்களிடம் "டாக்டர் வந்து சொல்லுவாரு, உட்காருங்க" என்று ஒரே முகத்தோடு சொல்வது அவள் வேலை. பதினெட்டு வருடம் அப்படிச் சொன்னதில் அந்த முகம் ஒட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்தாலும் கழன்று வருவதில்லை. ராத்திரி மாத்திரை போட்டால்தான் தூக்கம்.

விளம்பரத்தை அவள் இரண்டு தடவை படித்தாள்.

"ஆறுல ஒரு பங்குன்னா, மிச்சம் அஞ்சு பங்கு எங்கயோ ஒளிஞ்சிருக்கும். ஆழம் தெரியாம காலை விடாதீங்க."

"ஆழம் பார்க்கத்தானே ஏரிக்கே போறோம்?" என்றார் பல்செட்காரர். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். வேலை மேஜையையும் மோட்டாரையும் விற்றார். மனைவி ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். திரும்பி வர ஒரு முழக் கயிறுகூட மிச்சம் வைக்காமல் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

முதல் நாள் காலையில் ஜன்னல் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தண்ணீர். அந்தக் கரையில் ஒரு கோடு மாதிரி மரங்கள். வாய் தானாகத் திறந்தது, ஒரு நிமிஷம் மூடவே இல்லை. மனைவி எட்டிப் பார்த்தாள், "ம்" என்றாள், துணி காயப்போட எங்கே கயிறு கட்டலாம் என்று பார்க்கப் போய்விட்டாள். அன்று ராத்திரி மாத்திரை போட மறந்து தூங்கினாள். மறுநாளும் அப்படியே. விடியற்காலையில் அவள் மூச்சு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்து, இதற்காகவே இந்த ஊரைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று நினைத்தார் பல்செட்காரர்.

மூன்று வாரம் போயிற்று. ஏரி அங்கேயே இருந்தது. அதுதான் அதன் குறை. காலையிலும் தண்ணீர், மாலையிலும் தண்ணீர். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக அவர் வியப்பு தேய்ந்தது. இரண்டாவது மாதம் ஜன்னல் பக்கம் போனால், கொண்டி சரியாக மாட்டவில்லையே என்றுதான் பார்த்தார்.

ஆறாவது மாதம், வீடு கொடுத்த இடத்திலிருந்து ஓர் அலுவலர் வந்தார். கையில் ஒரு படிவமும் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்சும். நேராக ஜன்னலுக்குப் போய், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பல்செட்காரரைப் பார்த்து நின்றார். திரையை மூடச் சொன்னார்.

"என்ன சார் இது?"

"ஒப்பந்தத்துல பதினாலாவது பக்கம் படிக்கலையா? ஏரியை ரசிக்கிறவங்களுக்கு மட்டும்தான் இந்த வாடகை. ரசனை போச்சுன்னா வீடும் போச்சு. யார் பேர்ல ஒப்பந்தமோ அவங்க முகத்தைத்தான் பார்ப்பேன். இன்னிக்கு அரையாண்டு, எச்சரிக்கைதான். முழு ஆண்டுல ஐம்பது மார்க் எடுத்தா ஆயுசுக்கும் இதே வாடகை. எடுக்கலைன்னா ஒரு வாரத்துல காலி பண்ணணும்."

"நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டீங்களா?"

"கூடாது சார். நான் பார்த்தா எனக்குப் பழகிடும். அப்புறம் அடுத்தவங்க வியப்பை எப்படி எடைபோடுறது? ஒன்பது வருஷமா இந்த வேலை. ஒரு தடவை திரும்பினதில்லை." சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

கையைப் பின்னால் கொண்டுபோய்க் கயிற்றை இழுத்தார். திரை விலகியது. நெற்றி, கண், வாய், மூச்சு, ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து. பல்செட்காரருக்குப் பதற்றத்தில் தெரிந்த ஒரே வித்தை வந்தது. பல் டாக்டர் நாற்காலியில் அச்சு எடுக்க உட்கார்ந்தவரைப் போல, கடைவாய் தெரிய அகலமாகத் திறந்தார். கண் பாட்டுக்குக் கொண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அலுவலர் உதட்டைப் பிதுக்கினார். "இது வலியில திறக்கிற வாய் சார். வியப்புக்கு கீழ்த்தாடை மட்டும்தான் இறங்கும். முப்பத்தொண்ணு."

பல்செட்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தொழில் போயாயிற்று, நகரத்து வீட்டில் வேறு ஆள் வந்தாயிற்று. கண்ணாடி முன்னால் நின்று நாள் முழுக்க நெற்றியைச் சுருக்கி விரித்தார். மனைவி காய் நறுக்கியபடியே பார்த்தாள்.

"அந்த முகத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா நேரா உள்ளே அனுப்பியிருப்பேன்" என்றாள்.

வழி சொன்னவர் பக்கத்து வீட்டுக் கண்டக்டர். பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றவர். அரையாண்டில் எண்பத்தெட்டு எடுத்து, தெருவுக்கே வயிற்றெரிச்சலைக் கிளப்பியவர்.

"தினம் பார்த்தா எப்படிங்க ஆச்சரியம் வரும்? நான் குடிவந்த மறுநாளே ஜன்னலை மூடிட்டேன். அரையாண்டுக்குத்தான் திறந்தேன். பசியோட உட்கார்ந்தாதானே சாப்பாடு ருசிக்கும்!"

விஷயம் தெருவில் காட்டுத் தீயாகப் பரவியது. கடையில் கறுப்புத் துணி தீர்ந்துபோனது. பதினொரு வீட்டு ஜன்னலுக்கும் இரட்டைத் துணி, அதன் மேல் பலகை. வாசல்கள் எல்லாம் தெருப் பக்கம் இருந்தது நல்லதாகப் போயிற்று. தெருக்கோடியில் வீடுகள் முடிந்து ஏரி தெரியும் இடம் வந்தால், அந்தப் பக்கமாகக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வெயிலுக்கும் இல்லாமல் மழைக்கும் இல்லாமல் ஏரிக்குக் குடை பிடித்த ஜனம் உலகத்திலேயே அதுதான். யாராவது வாய் தவறி "இன்னிக்குக் காத்து ஜில்லுன்னு" என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பல்செட்காரர். எதிரே கறுப்புத் துணி.

"ஏரியைப் பார்க்க வந்துட்டு ஏரிகிட்டயிருந்து ஒளிஞ்சு வாழறோம்" என்றாள் மனைவி.

"ஆறே மாசம். அப்புறம் ஆயுசு பூரா பார்த்துக்கலாம். நீயும் பார்க்காதே. பார்த்தேன்னா ஏதாவது சொல்லிடுவே, என் ஆச்சரியம் கெட்டுப்போயிடும்." சமையலறைச் சின்ன ஜன்னலுக்கும் துணி அடித்துவிட்டு, "என்ன, சரியா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

மாதங்கள் நகர்ந்தன. இடையில் ஒருநாள் தவளைச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தார். அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நாள் ஏதோ சேற்று வாடை அடித்தது. கண்டக்டர் வீட்டுச் சாக்கடையாகத்தான் இருக்கும் என்று அவரிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

முழு ஆண்டுத் தேர்வு நாள் வந்தது. முதல் வீடு அவருடையது. சட்டைப் பொத்தானை இரண்டு தடவை மாற்றிப் போட்டார்.

"நான் தோத்துட்டா எங்கே போவோம்? உன் தூக்கம் திரும்பப் போயிடுமே. அதை நினைச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு." இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் இத்தனை நேரடியாக அவர் எதையும் சொன்னதில்லை.

அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "தோக்க மாட்டீங்க. முகத்தை ஒண்ணும் பண்ணாதீங்க. திரை விலகினதும் சும்மா பாருங்க, அது போதும்."

அலுவலர் வந்தார், பலகையைக் கழற்றச் சொன்னார், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார், பின்னால் கையை விட்டுக் கயிற்றை இழுத்தார்.

ஏரியைக் காணோம்.

ஏரி இருந்த இடத்தில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு படகு ஒருக்களித்துப் படுத்திருந்தது. நட்டநடுவில் ஒரு நாய், தன் சொந்த நிலத்தைச் சுற்றிப் பார்ப்பதுபோல நிதானமாக நடந்து போனது. தூரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் பள்ளத்தில் இறங்கி, மேடேறி, அந்தக் கரை மரங்களைத் தாண்டிப் போயிருந்தது.

பல்செட்காரரின் நெற்றிச் சுருக்கம் மயிர்க்காலைத் தொட்டது. கண் பிதுங்கியது. கீழ்த்தாடை, கீழ்த்தாடை மட்டும், இறங்கியது. மூச்சு உள்ளே போனது, வெளியே வர மறந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து, "ஐயையோ!"

அலுவலரின் கையில் பேனா துள்ளியது. "பிரமாதம்!"

"சார்... ஏரி..."

"புரியுது சார். பேச்சு வராது. நல்ல ரசிகர்களுக்கெல்லாம் இப்படித்தான்."

"அது இல்லைங்க. கொஞ்சம் திரும்பிப் பாருங்க சார், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்!"

"ஆசைதான். விதி இடம் கொடுக்காதே." அலுவலரின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "இப்படி ஒரு முகத்தைப் பார்க்கத்தான் ஒன்பது வருஷமா முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். தொண்ணூத்தேழு. மிச்ச மூணு யாருக்கும் போடுற வழக்கமில்லை." முத்திரையைக் குத்தி, காகிதத்தை அவர் கையில் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சற்று நேரத்தில் கண்டக்டர் "அடப் பாவிகளா!" என்று கத்தியது கேட்டது. அதற்கு அடுத்த வீட்டிலிருந்து ஒரு பெண் "கடவுளே!" என்றாள். அன்று தெருவில் எல்லோரும் பாஸ்.

பல்செட்காரர் காகிதத்தோடு திரும்பினார். மனைவி சமையலறை வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் எந்த அதிர்ச்சியும் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"தண்ணி கரைப் படிக்கட்டுல முதல் படியை விட்டு இறங்கின நாளிலேர்ந்து. நாலு மாசம் இருக்கும். நாம முன்ன இருந்த ஊருக்குத்தான் குழாய் போட்டு எடுத்துக்கிட்டுப் போறாங்களாம். வேலை செஞ்ச ஆளுங்க சொன்னாங்க. தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன், அப்போ கேட்டேன்."

"நாம அதைத் தேடி இங்கே வந்தா, அது நம்மளைத் தேடி அங்கே போயிருக்கே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொல்லியிருந்தா உங்க மூஞ்சிக்கு நடிக்க வருமா? இந்நேரம் மூட்டை கட்டிட்டு இருப்போம்."

அவர் சமையலறைக்குள் போனார். சின்ன ஜன்னலின் கறுப்புத் துணியில் ஒரு மூலையில் ஆணி இல்லை. அந்த இடம் விரல் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது. கீழே ஒரு முக்காலி. இந்த முக்காலியில் ஏறி நின்று நாலு மாதம் தன்னந்தனியாக அது போவதைப் பார்த்திருக்கிறாள், வெளியே வந்து தனக்கு டீ கொடுத்திருக்கிறாள் என்பது மெள்ள மெள்ள அவருக்கு உறைத்தது. வீடு கிடைத்த சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அழுதியா?"

"ஒருநாள்" என்றாள். "கொக்கெல்லாம் மொத்தமா கிளம்பிப் போன அன்னிக்கு."

அவர் கூடத்து நாற்காலிகள் இரண்டையும் இழுத்து வந்து, பெரிய ஜன்னலுக்கு முன்னால், அந்த வெடித்த மண்ணைப் பார்க்கப் போட்டார். ஒன்றில் அவளை உட்கார வைத்தார். இன்னொன்றில் தானும் உட்கார்ந்தார்.

"ஏரி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "ஒண்ணு விடாம சொல்லு."

அவள் கால்களை நாற்காலியில் மடக்கிக்கொண்டாள். பிறகு, குடிவந்த முதல் நாள் காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.