கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்

படக்கதையில் பறக்கிற நாயகன் என்றால் முகம்மது கனிக்குக் கண்ணில் காட்டக் கூடாது. "வானத்துல போறவனுக்கு என்னய்யா கஷ்டம் தெரியும்? தரையில கால ஊனுனாத்தான வலி" என்பான். சிம்மக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பக்கம் நிற்கிறவன் அவன். நிற்கிறவன் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. காலையில் சாம்பிராணி போட்டதிலிருந்து ராத்திரி கதவை இழுத்துப் பூட்டும்வரை நிற்க வேண்டும். சாப்பிடுகிற நேரம் தவிர விற்பனைக்காரன் உட்காரக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம்.

முன்பு இந்தக் கொடுமை இல்லை. கடை நீளத்துக்கும் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கும். வாங்க வந்தவர்களும் சம்மணம், விற்கிறவர்களும் சம்மணம். முதலாளி ஒரு தடவை மெட்ராஸ் போனார், அங்கே கண்ணாடி பதித்த நீள மேசைகளைப் பார்த்தார், வந்ததும் மெத்தையைச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து வாடிக்கையாளருக்கு ஸ்டூல், விற்கிறவனுக்கு நிற்கத் தரை. வேட்டிப் பக்கம் நின்ற காசிமாயன் ஒரு மத்தியானம், கடையில் ஈ காக்கை இல்லாத நேரம் பார்த்து, வாடிக்கையாளர் ஸ்டூலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் அவனுக்கு அங்கே வேலை இல்லை.

கனிக்குக் கெண்டைக்கால் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்துக்கொண்டு நின்றது. பெரியாஸ்பத்திரி டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அப்பப்ப உட்காருங்க. இல்லேன்னா புண்ணு வரும், அப்புறம் நிக்கவே முடியாது" என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் அவன் மனைவி ஹாஜரா தினமும் அதையே பிடித்துக்கொண்டாள். "மொதலாளிகிட்ட ஒரு ஸ்டூல் கேளுங்களேன். ராஜ்ஜியத்தையா எழுதிக் கேக்குறீங்க?"

"கேக்குறேன் புள்ள. நேரம் வரட்டும்."

அந்த நேரம் வருடக்கணக்காக வரவில்லை. கேட்டு இல்லையென்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான், வேறென்ன. கேட்காதவரை முதலாளி மறுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் மலைத்தோளன். சீமையில் வந்த படக்கதை. சிவகாசியில் தமிழாக்கி, தொட்டால் விரலில் மை ஒட்டுகிற காகிதத்தில் கறுப்பு வெள்ளையாக அடித்து மாதம் ஒன்று விடுவார்கள். மலைத்தோளனுக்குப் பறக்கத் தெரியாது, கண்ணில் நெருப்பு வராது. தோள்தான். இடிகிற பாலம், சரிகிற கட்டடம், தடம் புரண்ட ரயில் எல்லாவற்றையும் தோளில் தாங்கிக்கொண்டு, சனம் வெளியேறுகிறவரை நிற்பான். எல்லாம் முடிந்தபிறகு கடைசிப் பக்கம். பக்கம் முழுக்க ஒரே படம். ஒரு படிக்கட்டில் மலைத்தோளன் நமக்கு முதுகைக் காட்டித் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பான். ஒரு வார்த்தை வசனம் கிடையாது.

கனி அந்தப் பக்கத்துக்காகத்தான் புத்தகமே வாங்கினான். சண்டைப் பக்கங்களைக் கடகடவென்று புரட்டிவிட்டு அங்கே வந்து நிற்பான். சில நாள் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த ஒரு பக்கத்தோடு போய்விடும். எவ்வளவு பெரிய தோளாக இருந்தாலும் அவனுக்கும் அசதி உண்டு, அவனும் உட்காருகிறான் என்று பார்க்கும்போது, தன் காலில் இருக்கிற வலி கொஞ்சம் மரியாதையுள்ள வலியாகத் தெரியும்.

காசிமாயன் இடத்துக்கு வந்த முத்திருளனும் படக்கதைப் பைத்தியம். விளாங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவன். மேசைக்கு அந்தப் பக்கம் அவன் வேட்டியை மடிப்பான், இந்தப் பக்கம் கனி சேலையை மடிப்பான். கை மடிக்கும், வாய் ஓயாது. கண்ணாடியைக் கழற்றினால் பக்கத்து மேசைக்காரனுக்குக்கூட அடையாளம் தெரியாமல் போகிற நாயகனைக் கனி நாறடிப்பான். பணக்கார நாயகனைக் கண்டால் அவனுக்கு அதைவிட வயிற்றெரிச்சல். "அவன் காசு கையில இருந்தா நம்ம பேயாண்டிகூட ஊரக் காப்பாத்துவான்" என்பான். பேயாண்டி கடைக்குத் தேநீர் கொண்டுவருகிறவர். வில்லன் சுடுவதை விட்டுவிட்டுத் திட்டத்தை முழுசாக விளக்கிக்கொண்டிருப்பதை மட்டும் மன்னித்துவிடுவான். அவனுக்கும் பேச ஆள் வேண்டாமா என்பான்.

ஒருநாள் முத்திருளன் மெதுவாகக் கேட்டான். "மாப்ள, அந்தக் கடேசிப் பக்கம் எல்லாப் புஸ்தகத்துலயும் ஒரே மாதிரியில்ல இருக்கு? அதே படி, அதே முதுகு."

"அசதி என்னைக்குடா மாறியிருக்கு? நேத்து வந்த அசதிதான் இன்னைக்கும். அதான் ஒண்ணு போலவே வரையிறான். வரையிறவன் லேசுப்பட்டவன் இல்ல மாப்ள."

முத்திருளன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு ஒரு வேட்டியை எடுத்து, மடித்திருந்ததையே மறுபடி மடித்தான்.

அந்த ஆவணியில் மலைத்தோளன் இங்கிலீஷ் படமாக வந்தான். ஊரெல்லாம் சுவரொட்டி. கனிக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. படக்கதையைப் படமாக எடுப்பதே அவனுக்கு ஆகாது. "புஸ்தகத்துல நாம எம்புட்டு நேரம் பாக்குறமோ அம்புட்டு நேரம் படம் நமக்காக நிக்கும். சினிமால அது ஓடும், நாம பின்னாலயே ஓடணும்" என்பான். நம் ஊரில் முகமூடி போட்டு எடுத்த படங்களைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். கடைசியில் முகமூடி கிழிந்து, மச்சத்தைப் பார்த்து ஆத்தாக்காரி அழாமல் ஒரு படம் முடிந்ததுண்டா என்று சண்டைக்கு வருவான்.

அப்படிப்பட்டவன்தான், முதலாளி குடும்பத்தோடு அந்தப் படத்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் அப்படியே மாறிப்போனான். முதலாளி படக்கதையைக் கையால் தொடமாட்டார். ஆனால் டவுனுக்கு வருகிற இங்கிலீஷ் படம் ஒன்றையும் விடமாட்டார், பார்த்துவிட்டு மறுநாள் கல்லாவில் உட்கார்ந்து கதை சொல்லுவார். கனி கணக்குப் போட்டான். அவ்வளவு பெரிய ஆள் கடைசியில் படிக்கட்டில் உட்காருவதைத் திரையில் முதலாளி கண்ணால் பார்ப்பார். மறுநாள் காலையில் அந்தப் பேச்சை எடுப்பார். அந்தச் சூட்டோடு, "மொதலாளி, எனக்கும் கால்..." என்று ஆரம்பித்துவிட வேண்டியதுதான்.

இதைக் கேட்டு ஹாஜரா தலையில் அடித்துக்கொண்டாள். "வெள்ளக்காரன் உக்காந்தா உங்க மொதலாளி ஸ்டூல் போட்டுருவாராக்கும்? நல்லா இருக்கு உங்க ரோசனை. டாக்டர் சொன்னதச் சொல்லிக் கேக்குறத விட்டுட்டு."

"டாக்டர் சொன்னா அது என் நோவு. இவன் உக்காந்தா அது நியாயம்" என்றான் கனி. அவளுக்கு அது புரியவில்லை. சொன்னவனுக்கும் பாதிதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. கனியும் முத்திருளனும் மத்தியானக் காட்சிக்குப் போனார்கள். மாடி வரிசையில் முதலாளியின் வழுக்கைத் தலை தெரிந்தது. படம் ஆரம்பித்ததிலிருந்து ஒன்றும் சரியில்லை. மலைத்தோளன் பல்லைப் பல்லைக் காட்டிச் சிரித்தான். வேலை வெட்டி இல்லாத ஒரு பொண்ணு பின்னாலேயே வந்தது. பாலத்தைத் தாங்குகிற இடத்தில் புத்தகத்தில் அவன் கால் நடுங்கும். இங்கே ஒரு கையால் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் அவளுக்குத் தலைமுடியை ஒதுக்கிவிட்டான். போகட்டும் என்று கனி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். எல்லாவற்றையும் கெடுக்கட்டும், கடைசியில் உட்கார்ந்தால் போதும்.

கடைசியில் மலைத்தோளன் ஒரு கோபுர உச்சியில் இடுப்பில் கைவைத்து நின்றான். காற்றில் அவன் மேல்துணி படபடத்தது. மேளதாளம் முழங்கியது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

சனம் எழுந்து போய்க்கொண்டிருந்தது. கனி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "உக்காரவே இல்லையே மாப்ள" என்றான். "எல்லாத்தையும் எடுத்தாங்க. அத மட்டும் விட்டுட்டாங்களே."

வெளியே தேநீர்க் கடையில் அவன் பொரிந்து தள்ளினான். சிவகாசிக்கு எழுதப் போகிறேன், படம் எடுத்தவன் புத்தகத்தைப் படித்தானா என்று கேட்கப் போகிறேன் என்றான். முத்திருளன் தேநீரைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"எழுதாத மாப்ள."

"ஏன் எழுதக் கூடாது?"

"எழுதினா அவங்க சிரிப்பாங்க." முத்திருளன் தம்ளரைக் கீழே வைத்தான். "எங்க மச்சான் சோணைமுத்து அந்த அச்சாபீஸ்லதான இருந்தான். அவன் சொன்னது. சீமைப் புஸ்தகத்துல பக்கம் கம்மியாம். நம்ம ஊர்ல அச்சடிக்கிற கணக்குக்கு எப்பவும் ஒரு பக்கம் வெறுசா நிக்குமாம். வெறும் பக்கமா விட்டா வாங்குறவன் திட்டுவான்ல. அதுக்காக ஒரு படத் தகட்ட எடுத்து வச்சிக்கிட்டு, மாசாமாசம் அதையே கடேசில போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க."

கனி அவனையே பார்த்தான்.

"அது மலைத்தோளனே இல்ல மாப்ள. மொதக் கதைல, ஸ்டேசன் படில ரயிலுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கிற எவனோ ஒருத்தன். முதுகு அகலமா இருந்துச்சு, மூஞ்சி தெரியல. சரி இதப் போடுவோம்னு போட்டுருக்காங்க. அம்புட்டுத்தான்."

"எப்ப சொன்னான் உங்க மச்சான்?"

"அது ஆச்சு, நான் கடைக்கு வந்த புதுசுல."

"இம்புட்டு நாளும் என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"எப்படி மாப்ள சொல்றது? நீ அந்தப் பக்கத்த வச்சுத்தான் நின்னுக்கிட்டு இருந்த."

கனி முத்திருளன் மேல் கோபப்படலாம் என்று பார்த்தான். அதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை. வீட்டுக்கு நடந்து போனான். போனதும் பெட்டியைத் திறந்து முதல் புத்தகத்தை எடுத்தான். நடுப்பக்கத்தில் இருந்தது, ரயில் நிலையக் காட்சி. மூலையில் சின்னதாக அதே படி, அதே முதுகு. அவன் பக்கத்தில் ஒரு பயணப் பெட்டி. ரயில் வரவில்லை. இத்தனை வருடமும் எப்படித்தான் அதைப் பார்க்காமல் புரட்டினானோ, அவனுக்கே வெட்கமாக இருந்தது. பேரில்லாத ஒருத்தன். அவன் யாரையும் காப்பாற்றவில்லை. அசந்துபோய் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி கல்லாவில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார். "கனி, படம் பாத்தியாப்பா? என்னா ஆளுய்யா அவன்."

"பாத்தேன் மொதலாளி."

"ஒண்ணக் கவனிச்சியா? படம் பூராவும் ஒரு எடத்துலகூட அவன் உக்காரல. ஆரம்பத்துல நின்னவன் கடேசி வரைக்கும் நின்ன நிலைதான். வேலைக்காரன்னா அப்படியில்ல இருக்கணும்."

கனி ஒரு சேலையை உதறி மடித்துக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது. எந்த நியாயத்தைத் திரையிலிருந்து முதலாளி காதில் போடலாம் என்று காத்திருந்தானோ, அதையே அவர் திருப்பி இவன் தலையில் போட்டுவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் முத்திருளன் தலையைக் குனிந்துகொண்டான்.

கால் விண்விண்ணென்று தெறித்தது. கனி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். வாடிக்கையாளர் ஸ்டூலை இழுத்தான். சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்னப்பா இது?"

"அது அவன், மொதலாளி. அவன் நிப்பான்" என்றான் கனி. "நான் ஸ்டேசன்ல உக்காந்திருக்கிற ஆளு. எனக்குக் கால் வலிக்குது."

முதலாளி கல்லாவை விட்டு எழுந்தார். அந்த நேரம் பார்த்து ஒத்தக்கடையிலிருந்து ஒச்சாயி என்ற அம்மாள் மகளையும் சம்பந்தி வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு படியேறினாள். கல்யாணச் சேலை எடுக்க வந்த கூட்டம். வாடிக்கையாளர் எதிரில் வேலைக்காரனை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பதும் அந்தக் கடையில் முதலாளி போட்ட சட்டம்தான். எழுந்தவர் "வாங்கம்மா, வாங்க" என்று சிரித்துவிட்டு, கனியை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கூட்டம் போகட்டும் என்று அந்த முறைப்பு சொன்னது.

கனிக்கும் அது தெரியும். இந்தக் கூட்டம் படியிறங்கியதும் காசிமாயனுக்கு ஆனதுதான் தனக்கும். ஹாஜராவிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே மடியில் கிடந்த சேலையை மேசையில் விரித்தான்.

"அரக்குல இருக்காப்பா?" என்றாள் ஒச்சாயி.

அலமாரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. எழுந்துதான் எடுக்க வேண்டும். அவன் மேசையைப் பிடித்து எழப்போனான். அதற்குள் முத்திருளன் வேட்டிப் பக்கத்தை விட்டு வந்து அரக்குச் சேலைகளைக் கைகொள்ளாமல் அள்ளி அவன் முன்னால் வைத்தான். அவனுக்குச் சேலைப் பக்கம் வர அனுமதி இல்லை. முதலாளியை அவன் திரும்பியே பார்க்கவில்லை.

கனி ஒவ்வொரு சேலையாக விரித்தான். இத்தனை வருடத்தில் இவ்வளவு நிதானமாக அவன் ஒரு சேலையை விரித்ததில்லை. முந்தானையைக் காட்டினான், கரையைக் காட்டினான், உள்பக்க நெசவைக்கூடத் திருப்பிக் காட்டினான். காலில் தெறிப்பு மெல்ல அடங்குவது தெரிந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்றார்கள், இன்னொன்றைப் பிடிக்கவில்லை என்றார்கள்.

"இம்புட்டுத்தானா, இன்னும் இருக்கா?" என்றாள் ஒச்சாயி.

"இருக்கும்மா. எம்புட்டு வேணும்னாலும் இருக்கு, ஒண்ணும் அவசரமில்ல" என்றான் கனி. "மாப்ள, அடுத்த தட்டுல உள்ளத எடு."